கருமுழிக்கு வந்த வெள்ளம்

ஜூலை 9

ஆரோக்கியசாமி சார் இன்று வந்து போனார். மீன்வளத்துறையில் அதிகாரி. கொள்ளிடத்து வலைக்காரர்கள் பிடித்த கருமுழிக் கெண்டைகளை இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் குஞ்சு பொரிப்புப் பண்ணையில் கொண்டுவந்து விட்டவர் அவர்தான். ஒரு காலத்தில் கூடை கூடையாகக் கிடைத்த மீன். இப்போது வலையில் ஒன்று அகப்பட்டால் படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புகிறார்கள்.

"இந்த ஆடியில குஞ்சு பொரிச்சுக் குடுத்தீங்கன்னா ஆத்துல விடலாம்மா. இல்லேன்னா மீனை வேற பண்ணைக்கு மாத்தச் சொல்லி மேலேருந்து சொல்றாங்க" என்றார்.

வேறு பண்ணையாம். திருக்காட்டுப்பள்ளியிலிருந்து அணைக்கரை வரைக்கும் எந்தப் பண்ணையில் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கட்டும், தவமணி என்றால் யார் என்று. சீசனின் முதல் ஊசியை நான்தான் போட வேண்டும் என்று வெற்றிலை பாக்கோடு வந்து கூப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். என் கை பட்ட மீன் முட்டையிடாமல் போனதில்லை. தற்பெருமை என்று யாராவது நினைத்தால் நினைக்கட்டும். இது என் டைரி.

சாருக்குக் காபி கொடுத்தேன். டம்ளரில் பாதிதான் ஊற்றினேன். நல்ல சூடு, சிந்தினால் அவருடைய வெள்ளைச் சட்டை பாழாகிவிடும்.

ஜூலை 11

தஞ்சாவூர் மீன் மார்க்கெட்டுக்குப் போய்த் தலைகள் வாங்கி வந்தோம். நானும் அஞ்சுகமும்.

அஞ்சுகம் என் கொழுந்தனார் மனைவி, ஓரகத்தி. தஞ்சாவூரில் ஒரு கிளினிக்கில் நர்சாக இருந்தாள். டாக்டர் கிளினிக்கை மூடிவிட்டு மகனோடு போய்விட்டார். அதற்குப் பிறகு இங்கே பண்ணை வேலைக்கு வந்துவிட்டாள். சுறுசுறுப்பானவள்தான். வாய்தான் கொஞ்சம் அதிகம். என்னைவிட அதிகமா என்று என் வீட்டுக்காரரைக் கேட்டால் அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு குளத்துப் பக்கம் போய்விடுவார்.

தலை எதற்கு என்று மார்க்கெட்டில் ஒரு புது வியாபாரி கேட்டான். சொன்னேன். குளத்தில் வளர்ந்த கெண்டைக்கு வயிறு நிறையச் சினை இருக்கும், ஆனால் முட்டை வெளியே வராது. ஆற்றில் புதுவெள்ளம் வந்து குளிர்ந்த நீரும் இழுப்பும் உடம்பில் பட்டால்தான் மீனின் மூளைக்கு அடியில் இருக்கும் சுரப்பி விழித்துக்கொள்ளும். அது தன் சரக்கை ரத்தத்தில் இறக்கும். அந்தச் சரக்கு போய்ச் சினைப்பையைத் தட்டினால்தான் முட்டை பழுத்து இறங்கும். குளத்தில் ஏது வெள்ளம்? சுரப்பிக்குச் செய்தியே வராது. காத்திருந்து பார்த்துவிட்டு, முட்டையை உடம்பே கரைத்துக்கொண்டுவிடும். அதனால் முற்றிய வேறொரு மீனின் தலையைப் பிளந்து, அந்தச் சுரப்பியை எடுத்து அரைத்து, தெளிந்த நீரை இதற்கு ஊசியில் ஏற்றுவோம். வெள்ளம் வந்துவிட்டது என்று மீன் நம்பிவிடும்.

"அப்ப மீனை ஏமாத்துறீங்க" என்றான் அவன். இதையேதான் என் வீட்டுக்காரர் கலியமூர்த்தியும் ஒருமுறை சொன்னார். பெண் பார்க்க வந்தபோது தனக்கு அரசாங்க வேலை என்று சொன்ன மனிதர் அவர்.

சுரப்பி ரவைத் துண்டு அளவுதான் இருக்கும். எங்கள் தொழிலில் கிளாண்டு என்போம். மண்டையோட்டுக்குள் ஒரு குழியில், மெல்லிய தோலுக்கு அடியில் உட்கார்ந்திருக்கும். அதை உடையாமல் இடுக்கியில் எடுப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இன்றைக்குப் பாதிக்கு மேல் நசுங்கிவிட்டது. ஐஸில் நாள்கணக்காகக் கிடந்த தலைகள், வேறென்ன.

"அக்கா, இதெல்லாம் காலைல பிடிச்ச மீனு. செவுளைப் பாருங்க, ரத்தச் செவப்பா இருக்கு" என்றாள் அஞ்சுகம்.

மிச்சத்தை அவளே எடுத்தாள். எடுக்கட்டும், பழகின மாதிரி இருக்கும்.

ஜூலை 14

பேனா சரியில்லை. நாளை எழுதுகிறேன்.

ஜூலை 15

பேனா மாற்றியாயிற்று. இதுவும் அவ்வளவு நன்றாக இல்லை.

பூதலூர்ப் பண்ணையிலிருந்து ஊசி போடக் கூப்பிட்டார்கள். முதுகுவலி என்று சொல்லிவிட்டேன். கலியமூர்த்தி என்னைப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து எனக்கு முதுகு வலித்து அவர் பார்த்ததில்லை.

ஜூலை 17

ஆடி முதல் தேதி. வாசலில் அஞ்சுகம் கோலம் போட்டாள். அவளுக்கு ஆசையாக இருந்தது போலிருக்கிறது, விட்டுக்கொடுத்தேன். சுமாராக இருந்தது.

மீன்களுக்குத் தீவனம் குறைத்தோம். தவிடும் பிண்ணாக்கும் அதிகமானால் வயிற்றில் கொழுப்பு கட்டி முட்டைக்கு இடம் இல்லாமல் போய்விடும். பம்பு செட்டில் வாஷர் மாற்ற வேண்டும்.

ஜூலை 20

குளத்தில் வலை இழுத்துக் கருமுழிகளைப் பார்த்தோம். கன்னங்கரேல் என்ற கண், பன்றி மூஞ்சி மாதிரி நீட்டிய வாய். அழகு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எனக்கு அழகுதான். ஆண் மீன்கள் எல்லாம் தயார், வயிற்றை லேசாகத் தடவினாலே பால் வந்தது. பெண்களில் இரண்டு மட்டும் பழுத்திருந்தன. வயிறு பஞ்சு மாதிரி மெத்தென்று இருக்கிறது, பின்துளை சிவந்திருக்கிறது. மற்றவை இந்த வருடம் ஆகாது. ஆடி தாண்டினால் இந்த இரண்டின் முட்டையும் கரையத் தொடங்கிவிடும்.

அஞ்சுகம் ஆரம்பித்தாள். "அக்கா, கிளாண்டுக்குப் பதிலா பாட்டில் மருந்தே வாங்கிடலாமே. ஒரே ஊசி. அரைக்க வேணாம், ரெண்டு தடவை குத்த வேணாம்."

"ரோகுவுக்கும் கட்லாவுக்கும் அது போதும். இது ஆத்து மீனு. மொதல்ல கொஞ்சமாப் போட்டு எழுப்பணும், அப்புறமா முழுசாப் போட்டு எறக்கணும். எடுத்த எடுப்புல அள்ளிக் குடுத்தா அடைச்சுக்கும்."

"சரிக்கா. அப்ப ஊசியை நான் போடவா?"

"நீ மனுசனுக்குப் போட்ட கை. மீனு வேற."

"மனுசன் கத்துவான், மீனு கத்தாது. அதாங்க்கா வித்தியாசம்."

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் விடவில்லை. இந்தப் பண்ணையில் ஊசி என்றால் நான்தான்.

ஜூலை 22

பழுத்த இரண்டு பெண்களில் ஒன்றுக்குக் காலையில் முதல் ஊசி. கிளாண்டை அரைத்து, தெளிய வைத்து, மேல்நீரை ஊசியில் எடுத்தேன். ஈரத் துணியில் மீனைச் சுற்றிப் பஞ்சு மெத்தையில் வைத்து அஞ்சுகம் பிடித்துக்கொண்டாள். வாலின் அடிப்பக்கம், செதிலுக்குக் கீழே ஊசியைச் சாய்த்து இறக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை எனக்கு.

ஊசி சறுக்கியது. மீன் துள்ளிவிட்டது. கொஞ்சம் மருந்து வெளியே வழிந்தது.

"மீனு அசையலக்கா" என்றாள் அஞ்சுகம், மெதுவாக.

மீனைத் தொட்டியில் விடச் சொன்னேன்.

எவ்வளவு வழிந்தது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். பாதி போயிருக்கும் என்று தோன்றியது. அதனால் மதியம் இரண்டாவது ஊசியில் அந்தப் பாதியையும் சேர்த்துப் போட்டேன். கட்லாவுக்கு இப்படிச் செய்திருக்கிறேன், ஒன்றும் ஆனதில்லை. இரண்டாவது ஊசி நன்றாக இறங்கியது. நன்றாகத்தான் இறங்கியது.

சாயந்திரம் வட்டத் தொட்டியில் தண்ணீரைச் சுழல விட்டுவிட்டு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். ஆண்கள் இரண்டும் அவளைச் சுற்றி வருகின்றன. நாளைக்கு ஆரோக்கியசாமி சாருக்குப் போன் செய்வேன்.

ஜூலை 23

முட்டை கட்டி கட்டியாக வந்திருக்கிறது. தொட்டி முழுக்க வெள்ளை. நல்ல முட்டை கண்ணாடி போல இருக்கும், உள்ளே பார்த்தால் அடிப்பக்கம் தெரியும். இதில் ஒன்றுகூட அப்படி இல்லை.

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் உப்பு ஏறிவிட்டது. நடுவில் கரண்ட் போனது. ஆண் மீன்களும் சின்ன மீன்கள்.

ஜூலை 24

மீன் பிழைத்துக்கொண்டது, தீவனம் எடுக்கிறது. நான் இரண்டு வேளை சாப்பிடவில்லை.

ஜூலை 26

பம்பு செட்டில் அஞ்சுகம் என்னைப் பிடித்துக்கொண்டாள். யாரும் இல்லாத நேரம் பார்த்துத்தான் வந்திருக்கிறாள்.

"தண்ணியில உப்பு இல்லக்கா. அதே தண்ணியிலதான் நேத்து ரோகு பொரிச்சிருக்கு. கிளினிக்ல எத்தனை பேரைப் பாத்திருப்பேன். காபி டம்ளர் பாதி, கோலம் நான் போடறேன், சட்டையில பட்டன் தைக்காம ஊக்கு. எனக்குத் தெரியாதுன்னு நினைக்கிறீங்களா? ஒரு டாக்டரைப் பாக்கலாம்க்கா."

பிறகு அவள் ஒரு சொல் சொன்னாள். அதை நான் இங்கே எழுதப் போவதில்லை.

"நேத்து வந்தவ நீ. எனக்கு வைத்தியம் பாக்க வந்துட்டியா? போயி அடுப்பைப் பாரு" என்றேன்.

அவள் போய் அடுப்பைப் பார்த்தாள். குழம்பு நன்றாக இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

உப்புத் தண்ணீர் என்று நான் எழுதியது தப்பு. முதல் ஊசி பாதி வழிந்தது என்று நானாக எண்ணிக்கொண்டேன். உண்மையில் வழிந்தது சில சொட்டாகத்தான் இருக்கும். அதை ஈடுகட்டப்போய் இரண்டாவதில் அதிகம் ஏற்றிவிட்டேன். கட்லா பொறுத்துக்கொள்ளும். கருமுழி பொறுக்கவில்லை. அளவு தப்பியது என் தப்பு. ஊசி ஏன் சறுக்கியது என்பது வேறு விஷயம்.

ஜூலை 28

ஆரோக்கியசாமி சார் போன் செய்தார். விஷயம் அவர் காதுக்குப் போய்விட்டது. "வருத்தப்படாதீங்கம்மா, எல்லாருக்கும் நடக்கறதுதான். அடுத்த வாரம் வண்டி அனுப்பறேன், மீனை ஏத்தி விட்ருங்க" என்றார். வருத்தப்படாதே என்று சொல்கிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது.

"இன்னொரு மீன் இருக்குது சார். ஆடிப்பெருக்கு அன்னைக்கு வாங்க. வண்டியோட வாங்க. குஞ்சு இருந்தா குஞ்சைப் பாத்துட்டுப் போங்க. இல்லேன்னா மீனை எடுத்துட்டுப் போங்க" என்றேன்.

இந்த மீன்கள் போனால் அவற்றோடு என் பெயரும் வண்டியில் ஏறிப் போய்விடும். தவமணி கையில் ஆகவில்லை என்று பூதலூரில் பேசுவார்கள். அதைக் கேட்டுக்கொண்டு நான் இந்த ஊரில் இருக்க முடியாது.

மத்தியானம் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கத்தரிக்காயில் ஊசி போட்டுப் பார்த்தேன், வெறும் தண்ணீர்தான். கூடையில் இருந்த எல்லாக் காயிலும் போட்டேன். எதிலும் நினைத்த இடத்தில் இறங்கவில்லை. இரவு அதைத்தான் கூட்டு வைத்தேன். நீர்த்துப்போய்க் கிடந்தது. கலியமூர்த்தி ஒன்றும் கேட்காமல் சாப்பிட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் போடச் சொன்னார். அந்த மனிதர் மேல் எனக்கு இருக்கிற பிரியத்தை இதுவரை நான் அவரிடம் சொன்னதில்லை.

ஜூலை 30

அஞ்சுகத்திடம் பேசினேன். அவள் மாடிப்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்து ஒரு கொத்தை எடுத்துக்கொண்டேன்.

"நாளன்னைக்கு ரெண்டாவது மீனுக்குப் போடணும். நீ வர்றியா?"

"வர்றேங்க்கா. பிடிச்சுக்கத்தானே?"

"போட."

அவள் கீரையைக் கீழே வைத்தாள்.

"போடறேன். ஆனா அது முடிஞ்சதும் எங்கூடத் தஞ்சாவூருக்கு வரணும். நரம்பு டாக்டர்கிட்ட. வர்றேன்னு சொன்னாத்தான் நான் ஊசியைத் தொடுவேன்."

"மெரட்டுறியா?"

"ஆமா."

சரி என்றேன். என்னிடம் பேரம் பேசி ஜெயித்தவர்கள் குறைவு. மார்க்கெட்டில் தலை விற்பவர்கள்கூட ஜெயித்ததில்லை.

ஆகஸ்ட் 1

அளவை நான் சொன்னேன். எடை பார்த்ததும் நான்தான். கிளாண்டை அரைத்ததும் நான்தான், கண்ணாடிக் குழாயில் குழவியைச் சுழற்றும்போது கை தப்பினாலும் ஒன்றும் கெடாது. ஊசியில் மருந்தை எடுத்தது அஞ்சுகம். மீனைக் கலியமூர்த்தி பிடித்துக்கொண்டார். நான் எதிரே நின்றேன்.

"என் கை வேர்க்குதுக்கா" என்றாள்.

"வேர்த்தா தொடைச்சுக்க. கீழ்ச்செதிலைத் தூக்கி அதுக்கடியில வை. நேராக் குத்தாத, சாச்சு. ம். இப்ப எறக்கு, மெதுவா. எடுத்தவொடனே வெரலால அமுத்திப் பிடி."

எந்தப் பிசிறும் இல்லாமல் இறங்கியது. ஒரு சொட்டு வெளியே வரவில்லை. மதியம் இரண்டாவது ஊசியும் அப்படித்தான். ஆண் மீன்களுக்கும் அவளே போட்டாள்.

பொறாமையாக இருந்தது. அதை மறைக்க என்ன இருக்கிறது? என் இடத்தில் இன்னொருத்தி நின்று என் வேலையை, நான் செய்கிற மாதிரியே செய்கிறாள். தள்ளி நின்று பார்க்கும்போதுதான் அது எவ்வளவு அழகான வேலை என்று தெரிந்தது. இத்தனை வருடமும் ஊசிக்குப் பின்னால் இருந்துவிட்டேன், முன்னால் இருந்து பார்த்ததே இல்லை.

விளக்கு வைக்கும் நேரத்தில் தொட்டி கலகலத்தது. கருமுழி தண்ணீரின் இழுப்புக்கு எதிராக ஏறி ஏறிப் போனாள். ஆண்கள் இரண்டும் அவள் விலாவில் மோதின. தண்ணீர் கரையைத் தாண்டித் தெறித்து எங்கள் மூன்று பேர் மேலும் விழுந்தது. அவளைப் பொறுத்தவரை கொள்ளிடத்தில் வெள்ளம் வந்துவிட்டது. கலியமூர்த்தி துண்டால் முகத்தைத் துடைத்தார். தண்ணீரை மட்டும் துடைத்த மாதிரி தெரியவில்லை.

கை விட்டு ஒரு கை முட்டையை அள்ளிப் பார்த்தேன். கண்ணாடி.

ஆகஸ்ட் 2

பொரித்துவிட்டது. ஊசிநுனி அளவுக்கு உயிர்கள், இரண்டு கரும்புள்ளி கண்ணாக. தொட்டி முழுக்கத் துடிக்கிறது. நான் பார்த்த குஞ்சுகளிலேயே இதற்கு ஈடாக எதையும் சொல்ல மாட்டேன். அஞ்சுகம் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள், சாப்பிடக்கூட எழுந்து வரவில்லை. தட்டில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கு

ஆரோக்கியசாமி சார் சொன்னபடியே வண்டியோடு வந்தார். காலி வண்டியைத் திருப்பி அனுப்பினார். தொட்டியில் குனிந்தவர் நிமிரவே இல்லை. கூட வந்த இரண்டு பேருக்குக் கருமுழியைப் பற்றி அவரே பாடம் எடுத்தார். எனக்குத் தெரிந்ததில் கால்வாசிதான், ஆனாலும் பரவாயில்லை.

"பத்திரிகைக்குக் குடுக்கணும். தவமணியம்மா, ஊசியும் கையுமா ஒரு படம் எடுத்துக்கலாம்" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அஞ்சுகம் முந்திக்கொண்டாள். "ஆமாங்க சார், அக்காதான் போட்டாங்க. நான் மீனைப் பிடிச்சுக்கிட்டேன்."

கண் இமைக்காமல் சொன்னாள். அந்தப் பொய்யை அப்படியே வாங்கிக்கொண்டு நான் நின்றிருக்கலாம். என் பெயர் என் பெயராகவே இருந்திருக்கும். ஒரு நிமிஷம் நினைத்தும் பார்த்தேன்.

"பொய் சொல்றா சார். கிளாண்டு என்னுது, அளவு என்னுது. ஊசி போட்டது இவ. எங்க வீட்டுப் பொண்ணு, பேரு அஞ்சுகம். பேரைச் சரியா எழுதச் சொல்லுங்க."

அவள் கையில் ஊசியைக் கொடுத்துத் தொட்டி ஓரம் நிறுத்தினேன். புடவையைச் சரிசெய்துவிட்டேன். படத்தில் நானும் பக்கத்தில் நிற்கிறேன், கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு. செல்போனில் பார்த்தேன். அவள் பயந்த மாதிரி நிற்கிறாள். நான்தான் பரிசு வாங்கியவள் மாதிரி நிற்கிறேன்.

சாயந்திரம் காவிரிக்குப் போய்ப் படையல் வைத்தோம். தண்ணீர் இரு கரையும் தொட்டு ஓடியது.

ஆகஸ்ட் 7

சொன்ன சொல் மாறக் கூடாது என்று தஞ்சாவூருக்குப் போனேன். பஸ்ஸில் அஞ்சுகம் என் பையையும் சேர்த்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் ஓடிவிடுவேன் என்று பயம் போல.

நரம்பு டாக்டர் சின்ன வயசுப் பெண். என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டாள். கேட்டது தப்பு. மூளைக்கு அடியில் இருக்கிற கிளாண்டில் தொடங்கி, கருமுழி வெள்ளம் வந்ததாக நம்பி முட்டையிட்டது வரைக்கும் சொன்னேன். இனி அந்தக் குஞ்சுகள் விரல் நீளம் வளர்ந்ததும் கொள்ளிடத்தில் விடப்போவதையும் சொன்னேன். வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். டாக்டர் பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். நல்ல பெண்.

"அக்கா" என்றாள் அஞ்சுகம். "வந்த விஷயத்தைச் சொல்லுங்க."

டாக்டர் பேனாவைத் திறந்தாள்.

"கை நடுங்குது டாக்டர்" என்றேன்.

"எத்தனை நாளாம்மா?"

"போன வருஷம் தையிலேருந்து."

அஞ்சுகம் சட்டென்று என் பக்கம் திரும்பினாள். இந்தச் சித்திரையிலிருந்துதான் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். போன சீசன் முழுக்க இந்தக் கையோடுதான் போட்டேன் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் கண் கலங்கிவிட்டது. எனக்குக் கலங்கவில்லை.

"எந்தக் கை?" என்று கேட்டாள் டாக்டர்.

முந்தானையை விலக்கி வலது கையை எடுத்து மேஜைமேல் வைத்தேன். அது பாட்டுக்கு ஆடியது. நான் அதைப் பிடித்து நிறுத்தவில்லை.

"இதுதான். இந்த ஜில்லாவுல பாதிக் குளத்து மீனு இந்தக் கையிலதான் பொறந்துச்சு. நல்லாப் பாருங்க."